மழைக்கு முன்பே பெயரைக் கொடுத்துவிடுங்கள்: நீலகிரியில் நிவாரணப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"அக்கா, நாங்க பன்னிரண்டு பேர் மேட்டுப்பாளையம் வந்துட்டோம், வண்டியில பிரெட்டும் தண்ணி பாட்டிலும் இருக்கு, எங்க வரணும்னு சொல்லுங்க." மலையில் எங்காவது மண் சரிந்த செய்தி டிவியில் ஓடினால் போதும், இப்படி ஒரு போன் எனக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளைகளின் மனசு புரிகிறது. ஆனால் அதே நேரத்தில் குன்னூர் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கும், கோத்தகிரி ரோட்டில் பொக்லைன் நின்று மண்ணை அள்ளிக்கொண்டிருக்கும், ஆம்புலன்ஸ் திரும்ப வேண்டிய வளைவில் பிரெட் ஏற்றிய வேன் ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கும். இன்றைக்கு வராதீர்கள், பத்து நாள் கழித்து நானே கூப்பிடுகிறேன் என்று சொன்னால் மனம் உடைந்து போகிறார்கள். போனில் அவசரமாகச் சொல்லி யாரையும் சமாதானப்படுத்த முடிவதில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கோத்தகிரி பக்கம். 2009 நவம்பரில் ஒரு பள்ளிக்கூட முகாமில் டீ ஊற்றிக் கொடுக்கப் போனவள், அப்படியே இந்த வேலையில் தங்கிவிட்டேன். கீழே இருப்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் கற்றதும் முகாமில் பட்டுத் தெரிந்துகொண்டதும்.

முதலில் மழையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா, அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கத்தை அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் திரும்பும். ஒரே மாவட்டம்தான், ஆனால் ஜூலையில் பந்தலூர்க்காரர் தூங்காமல் இருக்கும்போது கோத்தகிரியில் வெயில் காயும். எந்த மாதம் எந்தத் தாலுகா என்பது தெரிந்தால் பாதித் தயாரிப்பு முடிந்த மாதிரி.

2009 நவம்பர் 10-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 செ.மீ. மழை பதிவானது. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 140 செ.மீ. பக்கம்தான். 82 செ.மீ. என்றால் ஒரு சென்ட் நிலத்தின் மேல் மட்டும் 33,000 லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் மலையில் கெட்டியான பாறையின் மேல் பல அடி ஆழத்துக்கு மக்கிய செம்மண் கிடக்கிறது, அது தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துப் போய், ஒரு கட்டத்தில் பாறையை விட்டு வழுக்குகிறது. சரிவை வெட்டி வீடு கட்டிய இடம், ரோட்டுக்காக அடியை வெட்டிய மேடு, மழைநீர் ஓடும் ஓடையை மண் போட்டு மூடிய இடம் எல்லாம் முதலில் போகும். அந்த மூன்று நாளில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பெய்தது, கேத்தியை விட அதிகம். ஆனால் அது காடும் அணையுமான இடம், கேத்திப் பள்ளத்தாக்கு மாதிரி வீடும் தோட்டமும் ரோடும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இடம் இல்லை. அதனால் மழை அளவை மட்டும் பார்க்காமல் அது யார் தலைக்கு மேலே பெய்கிறது என்றும் பாருங்கள்.

வானிலை மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளுக்குப் பொருள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, அதற்குப் பெரும்பாலும் ஆரஞ்சு; அதற்கு மேலே போனால் அதிகனமழை, அதற்குச் சிவப்பு. ஆரஞ்சு வந்தாலே ஓடை ஓரத்திலும் மேட்டடியிலும் இருப்பவர்களிடம் பேச ஆரம்பித்துவிட வேண்டும். நிலமும் முன்கூட்டிச் சொல்லும்: முற்றத்தில் புதிதாக விரிசல், நேற்று வரை சாத்திய கதவு இன்று சட்டத்தில் இடிப்பது, மரமோ மின்கம்பமோ சாய்வது, தடுப்புச் சுவர் வயிறு தள்ளுவது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கலாக வருவது, கொட்டும் மழையில் ஓடைத் தண்ணீர் மட்டும் குறைந்து போவது. இந்தக் கடைசி அறிகுறி மிக மோசமானது, மேலே எங்கோ மண் விழுந்து அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் ஓடைக்குப் பக்கவாட்டில் மேடான இடத்துக்கு எல்லோரையும் நகர்த்துங்கள்.

பெயரைப் பதியுங்கள்

தனியாக நின்றால் நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவரா வேலை செய்ய வந்தவரா என்று போலீஸ்காரருக்குத் தெரியாது. ஏதாவது ஓர் அமைப்பில் பெயர் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் வருவாய்த் துறை முதல்நிலை பொறுப்பாளர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, உங்கள் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அதில் சேருங்கள். 18 முதல் 40 வயதுக்குள் இருந்தால் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா பயிற்சி பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். 12 நாள் பயிற்சி அது: கயிறு கட்டுவது, முதலுதவி, தேடி மீட்பது எல்லாம் கையால் செய்ய வைத்தே சொல்லித் தருவார்கள்.

இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920-ல் சட்டம் போட்டு ஏற்படுத்தப்பட்டது, மாவட்டக் கிளைக்கு ஆட்சியர்தான் தலைவர். பள்ளிக்கூடத்தில் ஜேஆர்சி (ஜூனியர் ரெட் கிராஸ்), கல்லூரியில் ஒய்ஆர்சி (யூத் ரெட் கிராஸ்) என்று நம்மில் பலர் ஏற்கெனவே அதில் இருந்தவர்கள்தான், படிப்பு முடிந்ததும் விட்டுவிடுகிறோம். திரும்பச் சேருங்கள். இவை தவிர ஊர்க்காவல் படை இருக்கிறது, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸின் முதலுதவி வகுப்புகள் இருக்கின்றன.

சேர்ந்ததும் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். செஞ்சிலுவை இயக்கத்துக்கு ஏழு அடிப்படைக் கொள்கைகள், 1965-ல் வியன்னாவில் அறிவித்தவை. அதில் எங்கள் மலைக்கு ரொம்பத் தேவையானது பாரபட்சமின்மை. தேவை எங்கே அதிகமோ அங்கே முதலில். ஹட்டிக்காரர் (படகர் ஊர்க்காரர்), லைன் வீட்டுக்காரர் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருப்பவர்), இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர், பணியர் பழங்குடியினர், மலையாளம் பேசுபவர், நேற்று கேரட் தோட்டத்து வேலைக்கு வந்த வடமாநிலத்தவர் என்று இங்கே எத்தனையோ பேர், யாருடைய வீட்டில் சின்னக் குழந்தை நனைந்து கிடக்கிறதோ அங்கே முதல் கம்பளி போக வேண்டும். நம் ஊர்ப் பெரியவர் வந்து "நம்ம ஆளுங்களுக்கு எடுத்து வெச்சிருக்கியா" என்று கேட்பார். மரியாதையாக, ஆனால் உறுதியாக, பட்டியலைக் காட்டுங்கள்.

இன்னொன்று, சிவப்புச் சிலுவை ஸ்டிக்கரை வண்டியில் நீங்களாக ஒட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். அந்தச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவது 1960-ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி குற்றம்.

ஒரு நோட்டு

என் வீட்டில் மழைக்காலத்துக்கு என்று நான் பாதுகாக்கிற பொருள்களிலேயே முக்கியமானது ஒரு 192 பக்க நோட்டு. இரண்டு பாலித்தீன் கவர் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, கூடவே ஒரு பென்சில். பேனா வேண்டாம், நனைந்தால் மை ஓடிவிடும். எங்கள் ஊருக்குக் கீழே இருக்கும் இரண்டு லைன்களும் ஓடை ஓரத்து வீடுகளும் அதில் இருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. யார் யார், என்ன வயது, ராத்திரி யார் எந்த அறையில் படுக்கிறார்கள், நடக்க முடியாதவர் உண்டா, சர்க்கரைக்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுபவர் உண்டா, மாசமாக இருப்பவர் உண்டா, கீழே திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்க்கும் பிள்ளையின் போன் நம்பர், வீட்டில் நாயோ மாடோ உண்டா. மாட்டைப் பற்றி ஏன் கேட்கிறேன் என்று நினைப்பீர்கள். கட்டிய மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நிற்கும் ஆளை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அவிழ்த்துவிட ஒரு ஆளை முன்பே சொல்லி வைத்தால் அந்தக் குடும்பம் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடும்.

வீடு மண்ணுக்குள் போனபின் மீட்புப் படை வந்து கேட்கும் முதல் கேள்வி, உள்ளே எத்தனை பேர், எந்தப் பக்கம் படுத்திருந்தார்கள் என்பதுதான். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் அரக்கோணத்திலிருந்து வர வேண்டும். மலை ஏறி வருவதற்குள் பல மணி நேரம் ஓடிவிடும். வந்ததும் தோண்ட வேண்டிய இடத்தைக் காட்டுகிற நோட்டு உங்கள் கையில் இருந்தால், பயிற்சி பெற்ற பத்துப் பேரை விட அப்போது நீங்கள் முக்கியம். வெளியூரிலிருந்து எவ்வளவு நல்ல மனசோடு வந்தாலும் இதைச் செய்ய முடியாது, அங்கேயே இருப்பவரால்தான் முடியும். அதனால் புதிதாக வருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலையே இதுதான்: உங்கள் வீட்டைச் சுற்றி இருபது வீடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நோட்டு. எழுதிய விவரம் அந்த வீட்டுக்காரரின் சொத்து, வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடாதீர்கள்.

பை

அட்டைப்பெட்டியில் எதையும் வைக்காதீர்கள், நனைந்தால் கிழிந்துவிடும். தோளில் மாட்டுகிற பையில், தலையில் மாட்டும் டார்ச் (கையில் பிடிக்கும் டார்ச் சரிவில் உதவாது, இரண்டு கையும் வேண்டும்), உபரி பேட்டரி, விசில், பவர் பேங்க், ஜெர்கின், குல்லா, ஒரு செட் காய்ந்த உடை பாலித்தீனில் சுற்றி, கம்பூட்ஸ், அட்டைப் பூச்சிக்கு ஒரு துணியில் முடிந்த உப்பு, ஒரு பெரிய கம்பளி, பத்து மீட்டர் கயிறு, கையுறை, முதலுதவிப் பெட்டி, வேர்க்கடலை மிட்டாய். உங்கள் சாப்பாடும் தண்ணீரும் ஒரு நாளைக்காவது உங்களிடமே இருக்கட்டும், முகாமில் வந்து தட்டு நீட்டுகிற நிலை வரக் கூடாது. எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. கரண்ட் போய் டவரும் போனால் ஒரு ஆளை நடக்க விட்டுத்தான் தகவல் அனுப்ப முடியும், அது யார் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில மணி நேரம்

2021 டிசம்பர் 8-ஆம் தேதி காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது முதலில் ஓடிப் போனவர்கள் அந்தச் சின்ன ஊரின் ஜனங்கள்தான். குடத்திலும் பக்கெட்டிலும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள், வீட்டில் இருந்த கம்பளியையும் போர்வையையும் கொடுத்தார்கள், அதில்தான் உடல்களைத் தூக்கி வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் வரும் வரை கம்பளிதான் ஸ்ட்ரெச்சர். அதற்கு ஒரு முறை உண்டு: ஆளைக் கம்பளியின் நடுவில் கிடத்தி, இரண்டு ஓரத்தையும் உடம்பை ஒட்டி வரும் வரை இறுக்கமாகச் சுருட்டி, பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர் அந்தச் சுருட்டலைப் பிடித்து, ஒருவர் குரல் கொடுக்க, ஒன்றாகத் தூக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது தலை முன்னால், இறங்கும்போது கால் முன்னால். கழுத்திலோ முதுகிலோ அடி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கம்பளி வேண்டாம், கதவையோ பலகையையோ கழற்றிக்கொண்டு வாருங்கள், தலை ஆடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இதை வீட்டில் தம்பியைப் படுக்க வைத்து இன்றைக்கே பழகிப் பாருங்கள், ஏழெட்டு முறை செய்தால்தான் கைக்குப் பிடிபடும்.

புதிதாகச் சரிந்த மண்ணின் மேல் ஏறாதீர்கள். 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் நடந்ததை நினைத்துப் பாருங்கள், கூடலூர், பந்தலூரில் பலருக்கு அங்கே சொந்தபந்தம் உண்டு. நள்ளிரவு கழிந்து ஒரு சரிவு, விடியற்காலை நான்கு மணி வாக்கில் இன்னொன்று. முதல் சத்தம் அடங்கியதும் ஓடிப் போகத்தான் கால் துடிக்கும். போகத்தான் வேண்டும் என்றால் ஒரு ஆள் வேறு எந்த வேலையும் பார்க்காமல் மேலே மட்டுமே பார்த்துக்கொண்டு விசிலோடு நிற்கட்டும், விசில் அடித்தால் எல்லோரும் எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அறுந்து கிடக்கும் கரண்ட் கம்பி பக்கம் யாரையும் விடாதீர்கள், மின்வாரியத்தில் லைனை நிறுத்திவிட்டோம் என்று சொல்லும் வரை அது உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லோரும் வாயை மூடி, வண்டி என்ஜினையும் நிறுத்தி, காது கொடுத்துக் கேளுங்கள். மண்ணுக்குள் இருந்து வரும் குரல் ரொம்ப மெல்லியதாக இருக்கும். ஆள் இருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் பொக்லைன் கை வைக்க விடாதீர்கள், கையாலும் மண்வெட்டியாலும்தான். நெடுநேரம் பாறைக்கடியில் கால் நசுங்கிக் கிடந்தவரைக் கண்டால் டாக்டரோ 108 ஆட்களோ பக்கத்தில் இருக்கும்போதுதான் பாரத்தை எடுக்க வேண்டும், திடீரென்று எடுத்தால் நசுங்கிய தசையில் சேர்ந்த நச்சு இதயத்துக்குப் போய் உயிரையே எடுக்கலாம்.

எங்கள் மலையில் அடிபட்டு இறப்பவரோடு குளிரில் விறைத்து இறப்பவரும் உண்டு. நனைந்தவரை முதலில் காற்று அடிக்காத இடத்துக்குக் கொண்டுபோய் ஈர உடையைக் கழற்றுங்கள், தலை உட்படக் கம்பளியில் சுற்றுங்கள். நினைவோடு இருந்தால் சர்க்கரை தூக்கலாகப் போட்ட சூடான டீ. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று பேச்சு குழற ஆரம்பித்தால், தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், அப்போதுதான் ஆபத்து கூடுகிறது. கைகாலைச் சூடு பறக்கத் தேய்ப்பது, நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது, பிராந்தி கொடுப்பது மூன்றும் கூடாது. பிராந்தி கொடுத்தால் உடம்பு சூடாகும் என்பது மலையில் ஊறிப்போன நம்பிக்கை, உண்மையில் அது உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும். மூச்சு நின்றிருந்தால் மார்பின் நடுவில் இரண்டு கையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி அழுத்துங்கள். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, வகுப்புக்குப் போய் பொம்மை மேல் பழகுங்கள்.

முகாம்

டிவியில் வருவது மீட்பு. ஆனால் பத்துக்கு ஒன்பது தன்னார்வலரின் வேலை முகாமில்தான், அதுவும் அரிசி மூட்டையும் கழிவறையும் ரிஜிஸ்தரும்தான். வாசலில் ஒரு மேசை போட்டு, உள்ளே வருபவர் ஒவ்வொருவரின் பெயர், வயது, ஊர், கூட வந்தவர், காணாமல் போனவர், மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். வெளியே போகும்போதும் எழுத வேண்டும். மகள் ஒரு பள்ளிக்கூடத்திலும் தாய் இன்னொரு கல்யாண மண்டபத்திலும் இருந்துகொண்டு, ஒருத்தியை ஒருத்தி செத்துவிட்டதாக நினைத்து ஒரு முழு ராத்திரி அழுததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு முகாமின் பட்டியலையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

அளவுகளுக்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட கணக்கு இருக்கிறது: ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், படுத்து உட்கார 3.5 சதுர மீட்டர் இடம், குளிர்ப் பிரதேசத்தில் அதற்கு மேலும், 20 பேருக்கு ஒரு கழிவறை. முதல் நாளிலேயே இவ்வளவும் கிடைத்துவிடாது, ஆனால் வகுப்பறையை ஒரு டேப்பால் அளந்து எத்தனை பேர் என்று கதவில் எழுதி ஒட்டினால் எழுபது பேரை அடைக்கும் தப்பு நடக்காது.

கழிவறையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். என் முதல் முகாமில் வயதான ஒரு அம்மா, தேயிலை பறித்தே விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது, இரண்டாம் நாள் மாலை மயங்கி விழுந்தார். சாப்பாடு இருந்தது, தண்ணீர் இருந்தது, கம்பளியும் கொடுத்திருந்தோம். கிட்டே உட்கார்ந்து கேட்டபோது காதோடு சொன்னார், "ராத்திரியில அத்தனை படி இறங்கணும் கண்ணு, லைட்டு வேற இல்ல, ஆம்பளைங்க நிக்கறாங்க. அதான் தண்ணியே குடிக்கல." பள்ளியின் கழிவறை மைதானத்துக்குக் கீழே, ஈரப் பாசி படிந்த பதினெட்டுப் படி தாண்டி இருந்தது, படியை அப்புறம்தான் போய் எண்ணினேன். நாங்கள் இளவட்டங்கள் குதித்து இறங்கிப் போய் வந்துகொண்டிருந்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றிரவே படியோரம் கயிறு கட்டி, இரண்டு சார்ஜர் லைட் தொங்கவிட்டு, மேலே இருந்த ஆசிரியர் அறைக் கழிவறையைப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் என்று திறக்க வைத்தோம். அப்போதிலிருந்து புது முகாமுக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது சமையல் கட்டு இல்லை, கழிவறைக்குப் போகும் வழி. இருட்டியபின் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாட்டியின் வேகத்தில் ஒரு முறை நடந்து பாருங்கள், என்ன குறை என்று தெரிந்துவிடும். பெண்களுக்கான கழிவறை ஆண்களுடையதை விட அதிகம் வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் வேண்டும், நாப்கின் போட மூடி போட்ட பக்கெட் வேண்டும்.

குடிக்கிற தண்ணீர்: ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரி வரை போகாமல் 92, 93-லேயே கொதித்துவிடும். அதனால் தளதளவென்று கொதி வந்தபின் மூன்று நிமிடமாவது விடுங்கள். கீழேயிருந்து வந்த சமையல்காரர்கள் அரிசி வேகவில்லையே என்று திகைப்பதும் இதனால்தான், குக்கரில் வையுங்கள் அல்லது கூடுதல் விறகு கணக்குப் போடுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் ஓஆர்எஸ் பாக்கெட், இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

சமையலை முகாமில் இருப்பவர்களிடமே கொடுங்கள். வீட்டை இழந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை, வெங்காயம் உரித்துக்கொண்டே நாலு வார்த்தை பேசினால் மனசு கொஞ்சம் இறங்கும். சூடான கஞ்சி, ரசம், உப்புமா போதும். பால் பவுடர் டின்களைக் கைக்குழந்தைக்காரர்களுக்கு வரிசையாக விநியோகிக்காதீர்கள். சுத்தமான தண்ணீரும் பாட்டிலைக் கொதிக்க வைக்க வசதியும் இல்லாத இடத்தில் அது குழந்தைக்கு நோயைத்தான் கொடுக்கும். பால் கொடுக்கும் தாய்க்குத் தனி இடமும் ஒரு வேளை கூடுதல் சாப்பாடும் கொடுங்கள், டின் பால் அவசியம் தேவைப்படும் குழந்தைக்குச் செவிலியர் சொன்னபின் தரலாம்.

துக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். ஒன்றும் பேச வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள், அவர் பேசினால் கேளுங்கள், யாருக்குப் போன் போட வேண்டும் என்று கேட்டுப் போட்டுக் கொடுங்கள். "அழாதீங்க, நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். குழந்தைகளின் போட்டோவை எடுக்க வருபவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்.

பொருள் அனுப்புகிறவர்களுக்கு

ஒரு முறை வெளியூர் அமைப்பு ஒன்று லாரி நிறையப் பழைய துணி அனுப்பியது. மழையில் நனைந்து வந்து சேர்ந்தது, பிரித்துப் பார்த்தால் கிழிந்த சட்டை, மெல்லிய சேலை, கல்யாணத்துக் கோட்டு. ஸ்வெட்டர் ஏழெட்டுத்தான் தேறியது. நான்கு பேர் இரண்டு நாள் அதைப் பிரித்தோம், மிச்சம் பூஞ்சை பிடித்து, கடைசியில் குழி தோண்டிப் புதைத்தோம். அந்த நான்கு பேர் அந்த இரண்டு நாளும் முதியவர்களின் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போயிருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை. பணமாகக் கொடுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள். பொருள்தான் என்றால் போன் செய்து கேட்டபின், புதிதாக: கம்பளி, தார்ப்பாய், உள்ளாடை, நாப்கின், சோப்பு, பக்கெட், ஒரு குடும்பத்துக்குத் தேவையான பாத்திர செட். கொடுக்கும்போது முதல் நாளே டோக்கன் எழுதிவிடுங்கள், முண்டியடித்து முன்னால் வர முடியாதவருக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் போகும்போது

அங்கே மலையாளம் தெரிந்த ஒருவர் கூட வேண்டும். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் முகாமுக்கு வரத் தயங்குவார்கள். அந்நியர் கூட்டத்தில் ஒதுக்கப்படுவோம் என்ற பயம் அவர்களுக்கு அனுபவத்தில் வந்தது. வற்புறுத்தி ஏற்றாதீர்கள். அவர்கள் ஊரிலேயே மதிப்புள்ள ஒருவர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் சுகாதாரச் செவிலியர் இவர்களை முன்னால் விட்டுப் பேசுங்கள், குடும்பங்கள் ஒன்றாகவே தங்கும்படி ஓர் அறையை ஒதுக்குங்கள். யானை நடமாடும் வழிகள் வனத்துறைக்குத்தான் தெரியும், இருட்டியபின் நடந்து போகவே கூடாது.

பத்தாம் நாளுக்குப் பிறகு

கேமராவும் வேன்களும் இறங்கிப் போனபின்தான் போனில் காத்திருந்த அந்தப் பன்னிரண்டு பேரை நான் கூப்பிடுவேன். வீட்டுக்குள் முழங்கால் அளவு சேற்றை அள்ள வேண்டும், கிணற்றையும் தொட்டியையும் இறைத்துக் குளோரின் போட வேண்டும், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பாங்க் பாஸ்புக் மண்ணோடு போயிருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மனு எழுதி கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தார் அலுவலகத்துக்கும் கூடவே போய் நிற்க வேண்டும். இடிந்த வீட்டைச் சுத்தம் செய்யும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள், நிவாரணம் கேட்கும்போது அது வேண்டும். தேயிலை பறிக்காத நாளுக்குக் கூலி இல்லை, அதனால் பத்து நாள் முகாமில் இருந்த குடும்பத்திடம் அரிசி தீர்ந்திருக்கும், இந்த இரண்டாவது வாரத்தில்தான் ஒரு மாத மளிகை ரொம்ப உபயோகம்.

நீங்களும் தூங்குங்கள். எட்டு மணி நேரம் வேலை, அப்புறம் மாற்றி விட ஆள். கெட்ட கனவு வந்தால், சாப்பிடப் பிடிக்காமல் போனால், கூட வேலை செய்தவரிடம் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்கும் வந்திருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் ஒரு வெயில் நாளில் கம்பளிகளைத் துவைத்துக் காயப்போட்டு, கயிற்றை உலர்த்திச் சுற்றி, டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து கெட்டுவிடும். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த இருபது வீட்டுக்கும் போங்கள், வருஷத்துக்கு இரண்டு தடவை, மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும். போன தடவை நான் போனபோது மூன்றாவது வீட்டுக்காரர்கள் திருப்பூருக்குக் குடிபோயிருந்தார்கள், ஐந்தாவது வீட்டில் ஒரு பிள்ளை பிறந்திருந்தது. அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அதற்குத்தான் பென்சில்.